சீரோடு போன மண்ணு

தம்பி, கோவிச்சுக்காதீங்க, சித்தெ அந்தப் பக்கம் மாறி உக்காந்துக்கறீங்களா? இந்தப் பக்கம் புளியம்பட்டி தாண்டற வரைக்கும் வெயிலடிக்கும். எனக்கில்லீங்க. நான் வெயில்லயே காஞ்ச கட்டை. இந்தப் பொட்டிக்குத்தான்.

ஆங், அப்பிடித்தான். நல்லாயிருங்க. இப்ப உங்க மேல வெயிலு படுதாக்கும்? கொஞ்சந்தானே, துண்டை வேணா போத்திக்குங்க.

மீனில்லீங்க. எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. பொட்டி மீன்கடையில கேட்டு வாங்குனது, அதனால லேசா வாசமடிக்கும். கண்டக்டரு சொன்னதைக் கேட்டீங்கல்ல? "பெருசு, மீனை மேல போடு, சீட்டை நாறடிக்காதே"ங்கறாரு. "மேல தகரம் கொதிக்குமப்பா, இதுக்குள்ள உசுரு இருக்குது"ன்னேன். பாம்பு கீம்புன்னு நெனைச்சுட்டாரு போல, அப்பப் போனவரு இன்னும் இந்தப் பக்கம் வரலே.

உசுருதானுங்க. பூஞ்சாணம். பழைய சோத்து மேல, நனைஞ்ச செருப்பு மேல வெள்ளையாப் பூக்குமே, அந்தச் சாதி. ஆனா இது நல்ல சாதி. மண்ணுக்குள்ள நூற்புழுன்னு ஒரு சனியன் இருக்குதுங்க, கண்ணுக்கே தெரியாது. வேருக்குள்ள பூந்து குடும்பம் நடத்தும். வேரு பூராம் முடிச்சு முடிச்சா வீங்கிப் போயிரும், செடி தண்ணி குடிக்க முடியாம மஞ்சளடிச்சு நிக்கும். அந்தப் புழு போடற முட்டையை இந்தப் பூஞ்சாணம் தின்னுரும். முட்டையைத் தின்னுட்டாப் புழு ஏது? இதை வளத்தி எடுத்துட்டுத்தான் போறேன். எருவுல கலந்து, வேப்பம்புண்ணாக்குப் போட்டு, ஈரச் சாக்கு சுத்தி வெச்சிருக்கேன். மேல ரெண்டு பொட்டலம் பூஞ்சாணத் தூளும் இருக்குது, எதுக்கும் இருக்கட்டும்னு.

நம்ம பேரு மாரப்பனுங்க. சத்தியமங்கலத்துக்குக் கிழக்கால ஊரு, சம்பங்கிக் காடு. மாலையில கட்டறாங்களே, வெள்ளையா, அந்தப் பூவு. இப்ப தங்கச்சி ஊருக்குப் போறேன், கள்ளியங்காட்டுப் பிரிவுல எறங்கோணும். சமாதானம் பண்ணப் போறேன்னு மட்டும் நெனைச்சுக்காதீங்க. எம் மேல தப்பிருந்தாத்தானே சமாதானம்? எம் மண்ணு அங்க கெடக்குது, அதுக்கு வைத்தியம் பாக்கப் போறேன். அவ்வளவுதான்.

எம் மண்ணு அங்க எப்பிடிப் போச்சுன்னு கேளுங்க.

எந் தங்கச்சி ருக்குமணி. அவ வீட்டுக்காரரு, நம்ம மாப்பிள்ளை, பேரு நல்லசிவம். மில்லுல வேலை பாத்தவரு. நூலு அந்தக் கோடியில அறுந்தா இந்தக் கோடியில இருந்தே கண்டுபுடிச்சிருவாரு, கெட்டிக்காரருதான். போன வருசம் மில்லு வேலையை விட்டுட்டு, இருக்கற காட்டுல சம்பங்கி போடறேன்னு கெளம்புனாரு. ருக்கு போன் பண்ணி, "ஏனுங்ணா, கெழங்கு எங்க வாங்கறது?"ங்கறா. எனக்குச் சுருக்குன்னு போச்சு. அண்ணங்காரன் காடு நெறையச் சம்பங்கி வெச்சிருக்க, தங்கச்சி வெளிய கெழங்கு வாங்குவாளா? "சீராக் குடுக்கறேன், போனை வையி"ன்னுட்டேன்.

பள்ளத்துக் காட்டுலதான் பாதிக் கெழங்கைப் பறிச்சேன். மேட்டுக் காடு அப்பத்தான் நல்லாப் பூத்துக்கிட்டிருந்துச்சு, பூக்கற காட்டுல யாராச்சும் கை வெப்பாங்களா? பள்ளத்துக் காடு கொஞ்சம் சோகையா, மஞ்சளாத்தான் நின்னுச்சு. பூக்காம்பும் முழங்கை ஒசரத்துக்கு மேல வரலே. எப்பிடியும் அதை அழிச்சுட்டுத் தட்டைப்பயிறு போடலாம்னுதான் இருந்தேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. கெழங்கு நல்ல கெழங்கு.

இன்னொண்ணும் பண்ணுனேன், அதைச் சொன்னா நீங்களே என்னைப் பாராட்டுவீங்க. வேற எவனாயிருந்தாலும் கெழங்கை மண்ணு உதறி, நெழல்ல ஆறப் போட்டு, மூட்டை கட்டிக் குடுப்பான். நான் ஒரு பொட்டு மண்ணு உதறலே. மண்ணோட அள்ளி, அது பத்தாதுன்னு மேல இன்னும் கூடை கூடையா மண்ணைக் கொட்டி டெம்போவுல ஏத்துனேன். ஏன்? பொறந்த வீட்டு மண்ணுங்க தம்பி! கட்டிக் குடுத்த புள்ளை காட்டுல பொறந்த வீட்டு மண்ணு கெடந்தா அவளுக்கு ஒரு தெம்பா இருக்காதா? எங்கூட்டுல எங்கப்பன் காலத்துலயும் புள்ளைகளுக்கு நாத்தோ கன்னோ குடுத்தா மண்ணோடதான் குடுப்பாங்க. டெம்போவுக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு அனுப்புனேன். ருக்கு அந்த மண்ணை ஒரு கை அள்ளி மோந்து பாத்து அழுதாளாம். மாப்பிள்ளைதான் சொன்னாரு. அன்னிக்கு அவரு நல்லாப் பேசிக்கிட்டிருந்தாரு.

அப்பறந்தானுங்க வெனை.

தை மாசம் எங்கூட்டுல கெடாவெட்டு. ஒறம்பரையெல்லாம் வந்து பந்தியில உக்காந்திருக்காங்க. நானும் எலை போட்டு உக்காந்துட்டேன். மாப்பிள்ளை வாசல்ல வண்டியை நிறுத்துனாரு. "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க"ங்கறேன். நேரா எங்கிட்ட வந்தாரு. பின்னாடி மறைச்சு வெச்சிருந்த கைய முன்னால நீட்டுனாரு. வேரோட புடுங்குன சம்பங்கிச் செடி. அதை எங்க வெச்சாருங்கறீங்க? எம் எலையில! கறிக்குப் பக்கத்துல! வேரு பூராம் கடலைக்காய் மாதிரி முடிச்சு.

"மச்சான், நீங்க குடுத்த சீரு. நல்லாப் பாத்துக்குங்க"ன்னாரு.

ரசம் ஊத்த வந்தவன் வாளியோட நின்னுட்டான். எனக்கு எப்பிடி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. "மில்லுக்காரனுக்குக் கெழங்கு குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லோணும்"ன்னேன். இதுல என்னங்க தப்பு? உள்ளதைச் சொன்னேன்.

அவரு மொகம் சுண்டிப் போச்சு. "அப்பச் சரி. பாப்பா காதுகுத்துக்கு நாங்களும் வேற மடி பாத்துக்கறோம்"னுட்டுப் போயிட்டாரு.

இதுதானுங்க தம்பி என்னைக் கொன்னுது. ருக்குவுக்கு ரொம்ப வருசம் கழிச்சுப் பொறந்த புள்ளை அது. பேரு தன்விகா, எனக்கு வாயில சரியா நொழையாது, அம்மிணின்னுதான் கூப்புடுவேன். தாய்மாமன் மடியில வெச்சுத்தானுங்க காது குத்தோணும். ஊசி ஏறறப்ப அது வீல்னு கத்தும், கத்தறப்ப எஞ்சட்டையைத்தான் கெட்டியாப் புடிச்சுக்கோணும். கூடப் பொறந்தவன் நானொருத்தன் கல்லுக்குண்டாட்டம் இருக்கறப்ப வேற மடின்னா?

எந்த மடின்னு கேக்கறீங்களா? எங்க பெரியப்பன் மகன் ஒருத்தன் இருக்கறான், ரைஸ்மில்லு சுந்தரம். பங்காளி மொறையில அவனும் தாய்மாமன்தான். "நானிருக்கறேன் மாப்பிள்ளை, கவலைப்படாதீங்க"ன்னானாம். அவன் தொப்பைக்கு அவனுக்கு மடியே கெடையாதுங்க! உக்கார வெச்சாப் புள்ளை வழுக்கிக் கீழ வந்துரும்.

சரின்னு நான் ஒரு முடிவு பண்ணுனேன். எங்காட்டுல பூச்சி கெடையாதுன்னு கவருமெண்டு வாயாலயே சொல்ல வெக்கோணும். வேளாண்மை ஆபீசுல ஜெபசெல்வின்னு ஒரு புள்ளை ஆபீசரு, தூத்துக்குடிப் பக்கம். எங்காட்டுச் செடி ஒண்ணைப் புடுங்கி, பைப்புத் தண்ணியில வேரைத் தேச்சுத் தேச்சுக் கழுவி, நைஞ்ச வேரையெல்லாம் கத்தரிச்சுட்டு, மாப்பிள்ளைக்குப் பொண்ணு காட்டற மாதிரி கொண்டு போனேன். அது வேரைப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. "ஐயா, இது வேரா, மொட்டை அடிச்ச தலையா? முடிச்செல்லாம் எங்க?"ன்னு கேட்டுச்சு. எங்காட்டுக்கே ஜீப்புல வந்து அதுவே புடுங்குச்சு. பூதக்கண்ணாடியில வெச்சு, பாருங்கன்னுச்சு.

பாத்தேன். தண்ணிச் சொட்டுல நூலு மாதிரி ஒண்ணு நெளியுதுங்க. ஒண்ணில்ல, கூட்டமா.

அப்ப உங்க காட்டுலதான் மொதல்ல இருந்துச்சான்னு கேக்கறீங்க. பாருங்க, இந்த எடத்துக்கு வந்தா எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. எங்க வசந்தாமணியும் இதைத்தான் கேட்டா. கட்டுன பொண்டாட்டி! அந்தப் புள்ளை ஜெபசெல்வி என்ன சொல்லுச்சுன்னா, இந்தப் புழு தானா நடந்து ரொம்பத் தூரம் போகாதாம். மண்ணோட போகும், கெழங்கோட போகும், மம்பட்டியில, செருப்புல ஒட்டிக்கிட்டுப் போகும். "ஒரு காட்டுல இருந்து இன்னொரு காட்டுக்குப் போனாக் காலைக் கழுவிட்டுப் போங்க ஐயா"ன்னுச்சு.

செருப்பு! எனக்குப் பொறி தட்டுச்சு. கெழங்கு பறிச்ச அன்னிக்கு மாப்பிள்ளையும் எங்காட்டுக்கு வந்திருந்தாருங்க, செருப்போட. அதுல வந்திருக்குதுங்க. வசந்தாமணி, "மில்லு செருப்புல நூற்புழு எப்பிடிங்க வரும், நூலு வேணா வரும்"ங்கறா. அவளுக்கு எதுக்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி. நான் ருக்குவுக்குப் போன் பண்ணி, "உங்க வீட்டுக்காரரை இனிமே எவன் காட்டுக்குப் போனாலும் காலையுஞ் செருப்பையுங் கழுவிட்டுப் போகச் சொல்லு, ஆபீசரே சொல்லிட்டாங்க"ன்னேன். அவ பட்டுன்னு போனை வெச்சுட்டா.

சரி, வந்தது வந்துருச்சு. மருந்து குடுன்னேன். நல்லாக் காரமான வெசமாக் குடுன்னேன். அந்தப் புள்ளை, "வெசம் வேண்டாம் ஐயா, அது மண்ணுல நல்லதையுங் கொல்லும். இது உயிர் மருந்து, உயிரை வச்சே உயிரைப் பிடிக்கிறது"ன்னு பொட்டலத்தைக் குடுத்துச்சு. எனக்கு அரை மனசு. வெள்ளைத் தூளு, நாத்தமே இல்ல. நாத்தமில்லாத மருந்து என்ன மருந்துங்க? வீட்டுல பூசணத்துக்கு அடிக்கற தாமிர மருந்து கொஞ்சம் மிச்சமிருந்துச்சு. நல்லது நாலு சேந்தா இன்னும் நல்லதுதானேன்னு ரெண்டையுங் கரைச்சு ஊத்திட்டேன். ஒரு மாசம் பாத்தேன், வேருல முடிச்சு அப்பிடியே இருக்குது. நேராப் போய் ஆபீசுல சத்தம் போட்டேன், உங்க மருந்து போலின்னு.

அது பொறுமையாக் கேட்டுச்சு. "கூட என்ன கலந்தீங்க?"ன்னுச்சு. சொன்னேன். தலையில கைய வெச்சுக்கிச்சு. "என்ன ஐயா, காவலுக்கு நாயைக் குடுத்தேன். அந்த நாய்க்கே வெசத்தை வச்சுட்டு, திருடனைப் பிடிக்கலைன்னு எங்கிட்ட சண்டைக்கு வாறீகளே!"ன்னுச்சு. பூஞ்சாணத்தைக் கொல்ற மருந்தைப் பூஞ்சாணத்தோட கலக்குனா அது சாகாம என்ன பண்ணும்? சுத்தி நின்னவங்கெல்லாம் சிரிச்சாங்க. பொட்டலத்துல கொட்ட எழுத்துல எழுதியிருக்கோணுமில்ல? எழுதியிருந்துச்சாம். அதை விடுங்க.

ரெண்டாந் தடவை நான் விடலீங்க. வெயில் படக்கூடாதுன்னாங்க, பிரிட்ஜுல வெச்சேன். வசந்தாமணியோட மாவுக் குண்டாவை எடுத்து வெளிய வெச்சுட்டேன். மாவு பொங்கி அடுப்பு மேட்டுல ஓடி, அவ எங்கூட ஒரு வாரம் பேசலே. அப்பறம் எருவைக் குமிச்சு, புண்ணாக்குப் போட்டு, தூளைக் கலந்து, மாமரத்தடியில சாக்குப் போட்டு மூடி, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வளத்துனேன். பச்சைப் புள்ளையை எட்டிப் பாக்கற மாதிரி சாக்கைத் தூக்கித் தூக்கிப் பாப்பேன். ஒரு நாளு எரு மேல வெள்ளையாப் பஞ்சு மாதிரி பூத்திருக்குது. வசந்தாமணி பாத்துட்டு, "ஐயோ, பூசணம் புடிச்சுருச்சு, கொண்டு போயிக் கொட்டுங்க"ன்னு கத்தறா. நான் துள்ளிக் குதிக்கறேன். வாழ்நாள் பூராம் எதை ஒழிக்கோணும்னு அலைஞ்சனோ, அதே பூசணம் புடிச்சதுக்குச் சக்கரைப் பொங்கல் வெக்கச் சொன்னேன். வெக்க மாட்டேன்னுட்டா.

காட்டுக்குப் போட்டேன். ஊடால செண்டுமல்லி நடுங்கன்னு அந்தப் புள்ளை சொல்லுச்சு, அந்த வேரு வாசம் நூற்புழுவுக்கு ஆகாதாம். அதையும் நட்டேன். உடனே எல்லாம் ஒண்ணும் ஆகலீங்க. இது வெசம் மாதிரி ஒரே நாள்ல கணக்கை முடிக்கறதில்ல, மெதுவாத்தான் வேலை செய்யும். ஆனா இந்தப் பருவம் புது வேரு வெள்ளையா விட்டுருக்குது. அங்கங்க முடிச்சு இருக்குது, இல்லேன்னு சொல்லலே. ஆனாப் பூக்காம்பு எந் நெஞ்சு ஒசரத்துக்கு வந்துருச்சு. பள்ளத்துக் காட்டுல! ஆமாங்க, தட்டைப்பயிறு போடலே.

அப்பப் பாத்து ருக்கு போன் பண்றா. மாப்பிள்ளை இந்த வாரம் டிராக்டர் விட்டுக் காட்டை ஒரே ஓட்டா ஓட்டிட்டு மறுபடி மில்லுக்கே போறாராம். வர்ற வெள்ளிக்கிழமை கோயில்ல காதுகுத்து. சுந்தரம் இப்பவே பட்டு வேட்டி எடுத்துட்டானாம். அவ அழுகலே, அதுதானுங்க எனக்குத் தாங்கலே. "நீங்க குடுத்த மண்ணை ஓட்டறாங்கண்ணா"ன்னு மட்டுஞ் சொன்னா.

அதான் பொட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன். யாருங் கூப்புடலே. வேண்டாம்னாக் காட்டு வேலி ஓரம் நின்னு, இப்பிடிப் போடுங்க, இதோட வேற மருந்து கலக்காதீங்க, வெயில்ல வெக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தர்றேன். காடு பொழைச்சாப் போதும். மடி... மடி கெடக்குது விடுங்க. இப்பத்தைக்கு இந்தப் பொட்டி உக்காந்திருக்குதில்ல.

இருங்க, போனு. ருக்குதான்... ஏஞ் சாமி... புளியம்பட்டி தாண்டியாச்சு... ஆமா, அந்தப் பச்சைக் கலரு பஸ்சுதான்... என்னன்னாரு? ... சரி சரி, வெச்சுரு.

கேட்டீங்களா தம்பி? பொட்டியோட அண்ணன் வருதுன்னு இவ சொன்னாளாம். மனுசன் "எந்தப் பஸ்சு?"ன்னு மட்டுங் கேட்டாராம். எதுக்குக் கேட்டிருப்பாரு? எறங்க விடாமத் திருப்பி அனுப்பவா இருக்கும். அனுப்பட்டும். நானும் மாரப்பன்தான்.

கண்டக்டரு, பிரிவுல நிறுத்துங்க! ஆமாப்பா, மீனு எறங்குது!

அட, அங்க நிக்கறாரு பாருங்க. அந்தப் புளியமரத்தடியில, வண்டியோட. முன்னால அம்மிணி உக்காந்திருக்குது. கையில என்ன, கொடையா? பாத்தீங்களா, என்னதான் கோவம்னாலும் மச்சானுக்குக் கொடை புடிக்கறாரு. வண்டியில கொடத்துல தண்ணி வேற! தாய்மாமன் வந்தாக் காலுக்குத் தண்ணி குடுக்கறது எங்க வழக்கமுங்க. மரியாதை தெரிஞ்ச மனுசன், நாந்தான் அப்பவே சொன்னனே.

தம்பி, சித்தெ பொட்டியைப் புடிங்க, நான் எறங்குனதும் சன்னல் வழியாக் குடுங்க. சாய்க்காதீங்க! ஆங்... வந்துருச்சு. மாப்பிள்ளை, நல்லாயிருக்கீங்களா? ... கொடை எனக்கு வேண்டாங்க, நான்... ஓ, பொட்டிக்கா? ஆமாமா, பொட்டிக்குத்தான் புடிக்கோணும். வெயிலு ஆகாது இதுக்கு. உங்களுக்கு ஆரு சொன்னது, ருக்குவா?

என்னங்க மாப்பிள்ளை?

தம்பி, பஸ்சு கெளம்பறதுக்குள்ள சொல்லீர்றேன், கேட்டுட்டுப் போங்க. "பொட்டியை எங்கிட்டக் குடுங்க மச்சான், நீங்க புள்ளையைப் புடிங்க"ங்கறாரு! அப்பறம், அந்தத் தண்ணி மரியாதைக்கு இல்லியாம். "காலையுஞ் செருப்பையுங் கழுவிட்டு வாங்க, ஆபீசரு சொன்னது உங்களுக்கும் சேத்துத்தானே"ங்கறாரு! எஞ் செருப்பை! பாத்தீங்களா மில்லுக்காரரு குசும்பை? கெழங்கு மேல ஒரு தப்புமில்லீங்க, அதை மட்டும் நீங்க எங்க போனாலும்...

இரு அம்மிணி, தாவாதே, விழுந்தர்றப் போறே. மாமன் மேல இப்ப ஏறாதே. மாப்பிள்ளை, கொடத்தைச் சாய்ங்க. நல்லா ஊத்துங்க, இந்த விரலு சந்துலயும். மொதல்ல நல்லாத் தேச்சுக் கழுவிக்கறேன், அப்பறம் புள்ளையை வாங்கிக்கறேன். எங்கூரு மண்ணு ஒட்டியிருக்கும்.